ஃபிரேம் விறைப்பைக் கால் உணர்கிறதா, டயரைத்தான் உணர்கிறதா?

கடலோரச் சக்கரம் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். மூன்று வாரமாக ஒரே கேள்வி மண்டையைக் குடைகிறது. உங்களிடம் கொட்டிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடமாக ஒரு பழைய எஃகு சைக்கிள் ஓட்டுகிறேன். இத்தாலியின் கொலம்பஸ் நிறுவனத்து எஸ்எல் வகைக் குழாய், மூட்டுகளில் லக் என்ற உலோக உறை வைத்துப் பற்றவைத்தது. ஜூன் மாதம் ஒரு கார்பன் வண்டியைப் பழையதாக வாங்கினேன். முதல் நாள் காலை கடற்கரை நடைபாதையில் உஷாக்காவில் தொடங்கி புளூ லகூன் வரை போனேன். பெடலை மிதித்ததும் பாய்ந்தது. எஃகு வண்டியில் இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. "விறைப்பு என்றால் இதுதான்" என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

போன மாதம் கார்பன் வண்டியின் பின் டயர் கிழிந்துவிட்டது. இரண்டு வண்டியும் ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே பிடிக்கும் பிரேக்), பின் சக்கரம் மாட்டும் இடத்தின் அகலம் இரண்டிலும் 130 மிமீ. அதனால் எஃகு வண்டியின் சக்கரங்களைக் கழற்றி கார்பனில் மாட்டி ஓட்டினேன். பாய்ச்சல் காணாமல் போனது! சந்தேகம் வந்து, புது டயர் போட்ட பிறகு கார்பனின் சக்கரங்களை எஃகு வண்டியில் மாட்டினேன். எஃகு பாய்கிறது.

கார்பனில் இருந்தது 23 மிமீ டயர், 8 பார் காற்றழுத்தம். எஃகில் 25 மிமீ, 5.5 பார். அப்படியானால் இத்தனை நாள் நான் "ஃபிரேம், ஃபிரேம்" என்று பேசியது எதைப் பற்றி? மனிதக் காலுக்கு ஃபிரேமின் விறைப்பு உண்மையிலேயே தெரியுமா?

கரும்புக்காடு (டொங்காட்)

தம்பி, தெரியும். நாற்பது வருடமாக ஓட்டுகிறேன், உறுதியாகச் சொல்கிறேன்.

எண்பதுகளில் என் நண்பர் ஒருவர் விட்டுஸ் 979 வைத்திருந்தார். அலுமினியக் குழாய், பசை போட்டு ஒட்டிய ஃபிரேம். அவர் வண்டியை வாங்கி இஞ்சங்கா ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் சங்கிலி, அதைப் பல் மாற்றும் முன் டிரெய்லியரின் கூண்டில் உரசியது. சரக், சரக் என்று மேலே போகும் வரை அதே சத்தம். என் எஃகு வண்டியில் அதே பல்லில், அதே மேட்டில் அந்தச் சத்தம் வராது. இதை டயர் செய்யாது.

ஆனால் ஒன்று. நெளிகிற வண்டி மெதுவான வண்டி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி 1984-லும் 1986-லும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜெயித்தது விட்டுஸ் வண்டியில்தான். கருங்கல் பாவிய சாலை, உலகத்திலேயே பலமாக மிதிக்கிறவர்களில் ஒருவர். வண்டி நெளிந்ததால் அவர் தோற்றுவிடவில்லை.

குழாய்க்கணக்கு (ஜோஹன்னஸ்பர்க்)

இருவர் சொல்வதும் சரி. ஆனால் இருவரும் ஒரே விறைப்பைப் பற்றிப் பேசவில்லை. நான் இயந்திரப் பொறியாளன். கோவையில் படித்தேன், இங்கே சுரங்க இயந்திரங்களில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமை மேலிருந்து கீழாக அமுக்கினால் அது கிட்டத்தட்ட பாறை. இரண்டு முக்கோணம் சேர்த்த அமைப்பு அது. ரயில் பாலம் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் நிற்கிறது. உங்கள் எடை முழுவதும் ஏறினாலும் செங்குத்தாக 1 மிமீ கூட அமுங்காது. ஆனால் டயர்? நல்ல காற்றழுத்தம் என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு: ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 25 மிமீ டயருக்கு அது சுமார் 4 மிமீ. வரிசையாக மாட்டிய ஸ்பிரிங்குகளில் மெத்தென்று இருப்பதுதான் மொத்த அசைவையும் தீர்மானிக்கும். 4 மிமீ அமுங்கும் ஒன்றின் மேல் 1 மிமீ கூட அமுங்காத ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஃபிரேமை இரண்டு மடங்கு விறைப்பாக்கினாலும் உங்கள் முதுகுக்கு வரும் அதிர்ச்சி பெரிதாக மாறாது. 8 பார் காற்றை 5.5 ஆக்கினால் உடனே மாறும். சக்கரத்தோடு சேர்ந்து பாய்ச்சலும் இடம் மாறியதற்குக் காரணம் இதுதான். சாலையின் நடுக்கம் நேராகக் கைக்கு வரும்போது அதை மூளை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது.

டயருக்கு அடுத்தபடி வளைவது சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட். அது ஒரு முனையில் மட்டும் பிடித்த தடி. வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரட்டித்தால் அதே எடைக்கு எட்டு மடங்கு வளையும். இன்றைய கார்பன் வண்டிகளில் மேல்குழாய் சரிவாக இருக்கும், போஸ்ட் நீளமாக வெளியே நிற்கும். "கார்பன் மென்மை" என்று பலர் சொல்வதில் பாதி அந்தப் போஸ்டின் வேலை.

ஐயா சொன்ன இஞ்சங்கா கதை வேறு. எழுந்து நின்று மிதிக்கும்போது பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் அச்சு சுழலும் இடம்) பக்கவாட்டில் ஆடுகிறது, முழு ஃபிரேமும் முறுக்கிக்கொள்கிறது. இந்தத் திசையில் முக்கோணம் உதவி செய்யாது, குழாயின் விட்டம்தான் தாங்க வேண்டும். சுவர் தடிமன் மாறாமல் இருந்தால் விறைப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். பழைய எஃகுக் கீழ்க்குழாய் 28.6 மிமீ, பிறகு வந்தது 31.8. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் விறைப்பு 37 சதவீதம் கூடுகிறது. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒன்று, சுமார் 70-க்கு 200 ஜிகாபாஸ்கல். விட்டுஸ் அந்த அலுமினியத்தை எஃகின் பழைய மெல்லிய விட்டத்திலேயே செய்தது, அதனால் நெளிந்தது. அதே அலுமினியத்தைத் தடித்த குழாயாக்கிய க்ளைன், கேனண்டேல் வண்டிகள் "பலகை மாதிரி இருக்கிறது" என்று பெயர் வாங்கின. ஆக, பொருளை விடக் குழாயின் வடிவம்தான் பேசுகிறது.

மலைச்சாரல் (கேப் டவுன்)

நான் இயன்முறை மருத்துவர். சைக்கிள்காரர்களின் முழங்காலும் கீழ்முதுகும்தான் என் அன்றாட வேலை. கணக்கை அண்ணன் சொல்லிவிட்டார், உடம்பின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஒரு மாற்றத்தை உடம்பு உணர வேண்டுமானால், ஏற்கனவே இருக்கும் தூண்டுதலோடு ஒப்பிட்டால் அது போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும். அமைதியான அறையில் கிசுகிசுப்பு கேட்கும், கல்யாண வீட்டில் கேட்காது. இங்கே கிராமப்புறச் சாலைகள் பலவும் தார் மேல் சல்லி தூவி உருட்டியவை. அந்த நடுக்கத்தின் நடுவே ஃபிரேமின் மெல்லிய குரலை உடம்பு எப்படிப் பிரித்துக் கேட்கும்?

1996-ல் 'பைசிக்கிள் கைடு' என்ற அமெரிக்க இதழில் ஒரு சோதனை வந்தது. இத்தாலியின் மொண்டோனிக்கோ பட்டறை ஏழு எஃகு ஃபிரேம்கள் செய்து கொடுத்தது. மலிவான கொலம்பஸ் குழாயில் தொடங்கி விலையுயர்ந்தது வரை ஏழு வகை. அளவு ஒன்று, வண்ணம் ஒன்று. எது எந்தக் குழாய் என்று தெரியாமல் ஆலன் கோட்டே ஓட்டிப் பார்த்து எழுதினார். அவரால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ள சோதனையாளர் அவர். குழாயின் பெயர் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஓட்டும் நாம், நம் உணர்வை எவ்வளவு நம்பலாம்?

இன்னொன்றையும் யாராவது பேச வேண்டும். நான் 52 கிலோ. என் ஃபிரேம் சிறியது, குழாய்கள் குட்டையானவை. குட்டைக் குழாய் தானாகவே விறைப்பு அதிகம். பல தயாரிப்பாளர்கள் எல்லா அளவுக்கும் ஒரே விட்டக் குழாயைப் போடுகிறார்கள். அப்படியானால் சோதனைக் கட்டுரைகளில் 80 கிலோ ஆண் ஒருவர் "கச்சிதமான விறைப்பு" என்று எழுதும் வண்டி எனக்கு இரும்புக் கட்டில். உயரமான, கனமான ஒருவருக்கு அதே மாடல் துவளும். "இந்த ஃபிரேம் விறைப்பானது" என்று யாருக்கு என்று சொல்லாமல் எழுதுவது அரைகுறைப் பேச்சு. எத்தனையோ பெண்கள் வலியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். கட்டுரையை நம்பி வாங்கினோம் என்பார்கள்.

கரும்புக்காடு (டொங்காட்)

மகளே, அந்தச் சோதனையை மதிக்கிறேன். ஆனால் ஏழும் எஃகு, ஏழும் ஒரே கை செய்தது, குழாய் விட்டத்திலும் தடிமனிலும் கொஞ்சம்தான் மாற்றம். எஸ்எல் குழாயின் சுவர் நடுவில் 0.6 மிமீ, அதே கொலம்பஸின் எஸ்பி வகையில் 0.7. இந்த அளவு மாற்றம் தெரியவில்லை என்றால் நம்புகிறேன். விட்டுஸுக்கும் கேனண்டேலுக்கும் நடுவே உள்ள வித்தியாசமும் தெரியாது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

குழாய்க்கணக்கு (ஜோஹன்னஸ்பர்க்)

ஐயா சொல்வது நியாயமான எதிர்வாதம். "தெரியுமா தெரியாதா" என்ற கேள்வியை "எவ்வளவு மாறினால் தெரியும்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு வாதமும் இருக்கிறது. 'பைசிக்கிள் குவார்ட்டர்லி' இதழின் ஜான் ஹைன, சில ஃபிரேம்கள் மிதிக்கும் தாளத்தோடு சேர்ந்து நெளிந்து, ஓட்டுபவரை இன்னும் பலமாக மிதிக்க விடுகின்றன என்கிறார். பிளேனிங் என்பது அவர் வைத்த பெயர். முறுக்கப்பட்ட எஃகு விழுங்கும் ஆற்றல் மிகக் குறைவு, ஏறக்குறைய முழுவதையும் திருப்பித் தரும் என்பது உறுதியான இயற்பியல். திரும்பி வருவதில் எவ்வளவு சங்கிலி வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது, எவ்வளவு கால் தசையைத் தள்ளுவதில் போகிறது என்பதில்தான் சண்டை. அவர் மென்மையான ஃபிரேமைத் தேடிப் போகிறார், பந்தய உலகம் விறைப்பைத் தேடிப் போகிறது. இரு பக்கமும் உணர்ந்துதான் பேசுகிறோம் என்கிறார்கள். என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது இதுதான்.

பட்டறை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கணக்கு எனக்கு வராது, கை தெரியும். "ஃபிரேம் தொளதொளவென்று இருக்கிறது, மாற்ற வேண்டும்" என்று வருகிறவர்களின் வண்டியை ஸ்டாண்டில் மாட்டினால் நான் பார்ப்பது: பின் சக்கரத்தில் கம்பிகள் தளர்ந்திருக்கும், பாட்டம் பிராக்கெட் பேரிங் தேய்ந்திருக்கும், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) லூஸாக இருக்கும், அல்லது ஷூவைப் பெடலில் பூட்டும் கிளீட் ஆடும். எல்லாம் சில்லறைச் செலவு. போன வருடம் ஒருவர் ஒரு கடையில் "உங்கள் ஃபிரேம் செத்துவிட்டது" என்று சொல்லக் கேட்டு புது வண்டிக்கே முன்பணம் கட்டிவிட்டு வந்தார். கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. பழகப் பழக எஃகு மென்மையாகிவிடும் என்பதும் தவறு. விரிசல் விடும் வரை அதன் விறைப்பு அப்படியேதான் இருக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நேற்று வரை நன்றாக இருந்த வண்டி இன்று திடீரென்று பின்னால் துவண்டால், டிக் டிக் என்று சத்தம் வந்தால், ஓட்டுவதை நிறுத்துங்கள். செயின் ஸ்டேயில் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்ப்பக்கக் குழாய்), பாட்டம் பிராக்கெட் பக்கத்தில் விளக்கடித்துப் பாருங்கள். விரிசலை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஓட்டுபவரின் இடுப்பு. பிறகுதான் கண்.

குபேக்கா அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எருமை மார்க் வண்டியும் பழுதுக்கு வரும். பஃபலோ என்பார்கள். கனமான எஃகு, பின்னால் 100 கிலோ ஏற்றலாம். அந்தக் கேரியரில் இரண்டு மூட்டை மாவு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். மெல்லிய குழாய் வண்டியாக இருந்தால் பின்பக்கம் மீன்வால் மாதிரி ஆடும், இது ஆடாது. அங்கே ஃபிரேம் விறைப்பைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இறக்கம்92 (பைன்டவுன்)

எனக்கு ஒரு பயம், இங்கேயே கேட்கிறேன். நான் 92 கிலோ, 6 அடி 2 அங்குலம். போத்தாஸ் ஹில் இறக்கத்தில் மணிக்கு 60 கிமீ-க்கு மேல் போனால் முன்பக்கம் நடுங்க ஆரம்பிக்கிறது. மலைப்பக்கமிருந்து சூடான காற்று அடிக்கும் நாட்களில் இன்னும் மோசம். ஒருமுறை ஹேண்டில்பார் என் கையை விட்டே போகப் பார்த்தது. இது ஃபிரேம் விறைப்புக் குறைவா?

குழாய்க்கணக்கு (ஜோஹன்னஸ்பர்க்)

தம்பி, முதலில் உயிர். மறுபடி நடுங்கினால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அது நடுக்கத்தை வளர்க்கும். ஒரு முழங்காலை மேல்குழாயோடு அழுத்துங்கள், சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்குங்கள், மெதுவாகப் பிரேக் போடுங்கள். அடங்கிவிடும்.

காரணத்தில் ஃபிரேமுக்கும் பங்கு உண்டு. முன் சக்கரம் ஒரு பக்கம் திரும்ப, ஃபிரேம் முறுக்கிக்கொள்ள, மேலே உட்கார்ந்த உடம்பு எதிர்ப்பக்கம் ஆட, நொடிக்கு 5 முதல் 10 முறை ஒன்றையொன்று தூண்டும். பெரிய ஃபிரேம், நீளக் குழாய், கனமான ஆள் என்றால் வாய்ப்பு அதிகம். ஜெர்மனியின் 'டூர்' இதழ் ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்முனைக் குழாய்) முறுக்கு விறைப்பை அளந்து வெளியிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஹெட்செட் இறுக்கம், சக்கரத்தின் நேர்மை, டயர் இதையெல்லாம் பார்க்காமல் ஃபிரேமைக் குறை சொல்ல வேண்டாம். பட்டறை அண்ணனிடம் வண்டியைக் காட்டுங்கள். அதுவரை அந்த இறக்கத்தில் வேகம் வேண்டாம்.

கடலோரச் சக்கரம் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கரும்புக்காடு ஐயா டொங்காட்டிலிருந்து வண்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். சாப்பாடு முடிந்ததும் சோதனை செய்தோம்.

என் கார்பன், ஐயாவின் எஃகு. ஒரே சக்கரங்களை மாற்றி மாற்றி மாட்டினோம், ஒரே காற்றழுத்தம். சீட்டும் ஒரே சீட், உயரத்தை டேப் வைத்து அளந்தோம். ஃபிரேம் முழுக்கப் பழைய வேட்டியைச் சுற்றினோம். லீவர்களும் வேறு வேறு என்பதால் பிரேக் பிடிக்க இடம் விட்டு அவற்றின் மேலும் துணி. கியர் மாற்றக் கூடாது, ஒரே பல். உரசும் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று முன் டிரெய்லியர் இரண்டையும் கழற்றிவிட்டோம். என் மகள் காசு சுண்டி எந்த வண்டி என்று முடிவு செய்வாள். ஐயா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், நான் வண்டியைப் பிடித்து ஏற்றிவிடுவேன். அதன் பிறகு எதிரே சாலையை மட்டும் பார்ப்பார். காதில் பஞ்சு.

சமதளத்தில் உட்கார்ந்து ஓட்டியது 8 முறை. 4 சரி, 4 தவறு. ஐயா முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம். எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்புறம் எங்கள் தெரு ஏற்றம். எழுந்து நின்று பலமாக மிதித்தது 8 முறை. 7 சரி!

குழாய்க்கணக்கு (ஜோஹன்னஸ்பர்க்)

கைதட்ட வேண்டும் போல இருக்கிறது. எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னால் 8-க்கு 7 அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு 256-ல் 9 தான், அதாவது நூற்றுக்கு மூன்றரை. ஐயா எதையோ உணர்ந்திருக்கிறார். உட்கார்ந்தால் தெரியவில்லை, நின்று முறுக்கினால் தெரிகிறது. நான் முதலில் சொன்ன இரண்டு திசைகளோடு அச்சாகப் பொருந்துகிறது.

மலைச்சாரல் (கேப் டவுன்)

ஐயாவுக்கு என் வணக்கம். இந்த வயதில் ஒரு மேட்டில் எட்டு முறை நின்று மிதித்திருக்கிறார். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை: ஐயா, நின்று மிதிக்கும்போது உங்களுக்குத் தெரிந்தது என்ன? எந்த இடத்தில்?

கரும்புக்காடு (டொங்காட்)

நல்ல கேள்வி மகளே. அன்று ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். பெடல் கீழே போய்ச் சேரும் இடம்தான் வேறாக இருந்தது. என் வண்டியில் கால் சீக்கிரம் திரும்பிவிடும். தம்பி வண்டியில் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பிறகு திரும்பும். அதை வைத்துத்தான் சொன்னேன். அதுதான் நெளிவு என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐயா, தம்பி, இரண்டு வண்டியிலும் கிராங்க் (பெடல் மாட்டும் கை) நீளம் என்ன? அதன் உள்பக்கம் பொறித்திருக்கும்.

கரும்புக்காடு (டொங்காட்)

என்னுடையது 170 மிமீ.

கடலோரச் சக்கரம் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

இப்போதுதான் துணியைப் பிரித்துப் பார்த்தேன். 172.5. சீட் உயரத்தை அளந்தவன் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஐயா, மன்னித்துவிடுங்கள்.

கரும்புக்காடு (டொங்காட்)

மன்னிப்பு எதற்குத் தம்பி. இரண்டரை மில்லிமீட்டரை என் கால் கண்டுபிடித்திருக்கிறது என்றால் அதுவே பெரிய சேதி. ஆனால் ஃபிரேமைப் பற்றி இன்னும் தெரியவில்லை. மறுபடி செய்வோம்.

பட்டறை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

என்னிடம் 170 கிராங்க் இரண்டு சும்மா கிடக்கிறது, ஒரே மாடல். சனிக்கிழமை மதியம் இரண்டு வண்டியையும் கொண்டுவாருங்கள், மாட்டித் தருகிறேன். பாலி ஷார்ட்ஸ் மேடு பக்கத்திலேயே இருக்கிறது. இறக்கம்92 தம்பியும் தன் வண்டியைக் கொண்டுவரட்டும், ஹெட்செட்டைப் பார்த்துவிடலாம். வேட்டி மறக்காதீர்கள்.